எதிரே இருப்பவரின் தாள்: 304 மேசையில் நான் தொலைத்த ஒன்பது மாதம்

இலங்கையில் நாங்கள் விளையாடும் 304 என்ற சீட்டாட்டத்தின் விதிகளை ஒரு பின்னேரத்தில் யாரும் சொல்லித் தந்துவிடுவார்கள். அதைச் சோடியாக விளையாடுவது எப்படி என்று மட்டும் எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஒன்பது மாதம், அநேகமாக எல்லாச் சனிக்கிழமையும், நாலு மணித்தியாலம் அந்த மேசையில் இருந்தேன். கல்லுக்கு (வெற்றி தோல்வியை எண்ணும் கணக்கு அது) 20 ரூபாய் வைத்து விளையாடியதில் 11,000 ரூபாய்க்கு மேல் போனது. காசு போனதை எப்படியோ தாங்கிக்கொண்டேன். எனக்குச் சோடியாக எதிரே இருந்த மாமா ஒருநாள், "தம்பி, இண்டைக்கு நான் மற்றப் பக்கம் இருக்கிறன்" என்று எழுந்து கதிரை மாறியதைத்தான் தாங்க முடியவில்லை. அவர் கோபத்தில் சொல்லவில்லை, சலித்துப்போய்ச் சொன்னார். அன்று இரவே ஒரு கொப்பி எடுத்து, அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு ஆட்டத்தையும் எழுதத் தொடங்கினேன். எங்கே பிழைத்தது என்று அந்தக் கொப்பிதான் காட்டியது. முதல் மாதத்திலேயே யாராவது இதையெல்லாம் சொல்லியிருந்தால் என்று இப்போதும் நினைக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் சோடி. 52 தாளில் 2 முதல் 6 வரை 20 தாளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 32. கலாவரை (கிளப்ஸ்), ஸ்கோப்பன் (ஸ்பேட்), ஆட்டின் (ஹார்ட்), டயமன் என்று நாலு இனம், இனத்துக்கு எட்டு. ஜே தாளை எங்கள் மேசையில் வீறு என்போம், ஒன்பதை மணல் என்போம். வீறு 30, மணல் 20, ஏஸ் 11, பத்து 10, ராசா 3, ராணி 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. பலமும் இதே வரிசைதான். ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கு 304. ஆட்டம் வலப்பக்கமாகப் போகும். முதலில் ஆளுக்கு நாலு தாள் போட்டவுடன் கேள்வி, அதாவது எங்கள் சோடி இத்தனை புள்ளி எடுக்கும் என்று சொல்லும் ஏலம், தொடங்கும். குறைந்த கேள்வி 160, பிறகு பத்துப் பத்தாக ஏறும். கூடக் கேட்டவர் ஒரு தாளைத் துரும்பாக (மற்ற இனங்களை வெட்டும் இனமாக) கவிழ்த்து வைப்பார், பிறகு மிச்ச நாலு தாளும் வரும். வந்த இனத்தில் தாள் இருந்தால் அதைத்தான் போடவேண்டும். இல்லாதவர், துரும்பு மூடியிருக்கும்வரை, ஒரு தாளைக் கவிழ்த்துப் போடுவார். பிடி (நாலு பேரும் ஆளுக்கொரு தாள் போடும் சுற்று) முடிந்ததும் துரும்பு வைத்தவர் கவிழ்ந்த தாள்களைப் பார்ப்பார். அதில் துரும்பு இருந்தால் துரும்பு திறக்கப்படும், வெட்டியவருக்குப் பிடி போகும். துரும்பு இல்லையென்றால் கவிழ்ந்தபடியே பிடியை எடுப்பவரிடம் சேரும். புள்ளி எப்படியும் அவருக்குத்தான்.

இந்த வரிசை வேறு சீட்டாட்டத்திலிருந்து வருபவர்களைக் கட்டாயம் குழப்பும். ஏஸ் இங்கே மூன்றாவது தாள்தான். ஜேயும் ஒன்பதும் ஏஸை முந்துவது ஒல்லாந்தரின் கிளாவர்யாஸ் ஆட்டத்திலும் உண்டு. அங்கே துரும்பு இனத்தில் மட்டும் ஜேக்கு 20, ஒன்பதுக்கு 14. இலங்கையின் கரையோரத்தை 1796 வரை ஒல்லாந்தர் ஆண்டதையும், நாங்கள் இன்றும் கலாவரை, ஸ்கோப்பன் என்று ஒல்லாந்தச் சொற்களாலேயே தாளைக் கூப்பிடுவதையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு இது தற்செயல் என்று படவில்லை. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் விளையாடும் 28 இதன் சகோதரம்தான். அங்கே ஜேக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. 28 தெரிந்தவர்களுக்குக் கீழே சொல்வதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

முதலில் கேள்வி. என் காசில் பாதிக்கு மேல் போனது இங்கேதான். எங்கள் மேசையில் 200 க்குக் கீழே கேட்டு வென்றால் ஒரு கல் வரும், தோற்றால் இரண்டு கல் போகும். 200 முதல் 240 வரை வென்றால் 2, தோற்றால் 3. 250 என்றால் 3 உம் 4 உம். இதை முதல் நாளே எனக்குச் சொன்னார்கள், ஆனால் அதன் பொருள் மண்டையில் ஏறவில்லை. 160 கேட்பவர் மூன்றுக்கு இரண்டு தடவை வென்றால்தான் நட்டமில்லாமல் நிற்பார். பாதிக்குப் பாதி வெல்பவர் ஒவ்வொரு இரண்டு கேள்விக்கும் ஒரு கல்லை இழந்துகொண்டே இருப்பார். கொப்பி எழுதத் தொடங்கிய பிறகு நாலு சனிக்கிழமைகளில் நான் 160 முதல் 190 வரை கேட்ட கேள்வி 46. வென்றது 24. "பாதிக்கு மேல் வென்றிருக்கிறேனே" என்று முதலில் சந்தோஷப்பட்டேன். கணக்குப் போட்டால் வந்தது 24 கல், போனது 44 கல். அந்த 20 கல்லின் கணக்கைப் பார்த்தபோது, மாமா ஏன் கதிரை மாறினார் என்று விளங்கியது. என் ஒவ்வொரு பிழைக் கேள்விக்கும் அவருடைய பையிலிருந்தும் போயிருக்கிறது.

எந்தக் கையில் கேட்பது? நாலு தாளை வைத்துத் தீர்மானிக்க வேண்டும் என்பதால் கையில் இருக்கும் புள்ளியைக் கூட்டிப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் வரும். அதை விடவேண்டும். என்னை அதிகம் தோற்கடித்த கை, ஒரே இனத்தில் மணல், ஏஸ், பத்து, கூட வேறு இனத்தில் ஒரு ராணி. 43 புள்ளி, மூன்று துரும்பு, பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வீறு எங்கே? பார்க்காத தாள் 28. அதில் 4 எனக்கு வரும், 8 என் சோடிக்கு, 16 எதிராளிகளுக்கு. அந்த வீறு எதிராளியிடம் இருக்கும் வாய்ப்பு ஏழில் நாலு. அது அங்கே இருந்தால் நான் மணலால் வெட்டும் பிடியை அவர் வீறால் மேல்வெட்டுவார், ஒரே பிடியில் 50 புள்ளியும் அதற்குக் கீழே விழுந்ததும் அந்தப் பக்கம் போகும். 160 கேட்டால் எதிராளிகளுக்கு என்னைத் தோற்கடிக்க 145 போதும். அதில் மூன்றில் ஒன்றுக்கு மேல் ஒரு பிடியில் கொடுத்தாகிவிட்டது.

இதற்கு மாறாக ஸ்கோப்பன் வீறு, மணல், எட்டு, கூடக் கலாவரை ஏஸ் என்றால் தயங்காமல் 160 கேட்கலாம். மேல் துரும்பு இரண்டும் கையில் இருக்கின்றன, யாரும் மேல்வெட்ட முடியாது. வெவ்வேறு இனத்தில் மூன்று வீறு இருந்தாலும் நான் இப்போது கேட்கிறேன். முன்பு "துரும்புக்கு ஆள் இல்லையே" என்று விட்டுவிடுவேன். எட்டுப் பிடியில் 304 என்றால் சராசரியாகப் பிடிக்கு 38 தான். வீறு எடுக்கும் பிடியோ 30 இல் தொடங்குகிறது, அதற்குமேல் மூன்று தாள் விழும். துரும்பு நீளம் இல்லாத குறையைக் கிட்டத்தட்ட நிச்சயமான மூன்று பிடி ஈடுகட்டிவிடும், எதிரே இருப்பவர் ஒன்றிரண்டு பிடி எடுத்தால் போதும். இதில் என்னோடு ஒத்துப்போகாத பழைய ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களின் பயம், துரும்பு ஒன்றிரண்டுதான் என்றால் திறந்தவுடன் எதிராளி ஆளத் தொடங்குவார் என்பது. அதற்கு என் பதில், திறப்பதற்கு முன்பே வீறுகளை இறக்கிவிட (பிடியின் முதல் தாளாகப் போட்டுவிட) வேண்டும்.

"பாட்னர்" என்று சொல்லிக் கேள்வியை எதிரே தள்ளும் உரிமையையும் நான் பிழையாகப் பாவித்தேன். எங்கள் மேசையில் அப்படிச் சொன்னால் சோடி குறைந்தது 160 கேட்டே ஆகவேண்டும், தப்ப முடியாது. எனக்குப் பொறுப்பெடுக்கப் பயமாக இருந்த ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல்லைச் சொன்னேன். கையில் ஏழும் எட்டும் ராணியும் மட்டும் இருக்கும்போது சொன்னால், அவர் என்னிடம் ஏதோ பலம் இருக்கிறது என்று நம்பிக் கேட்டு, இரண்டு கல்லைக் கொடுப்பார். அந்தச் சொல்லுக்குச் சரியான நேரம், உங்களிடம் இரண்டு வீறு வெவ்வேறு இனத்தில் இருந்து, துரும்பாக வைக்க நீளமான இனம் இல்லாத நேரம். அப்போது அவர் எதைத் துரும்பாக வைத்தாலும் உங்கள் தாள் அவருக்கு வேலை செய்யும். வெறுங்கையோடு சொல்லக்கூடாது. வெறுங்கை என்றால் விட்டுவிடுங்கள், மற்றவர் கேட்கட்டும்.

இனி இறக்குவது. வீறு வெட்டுப்படுமா என்ற பயத்தில் அதைக் கடைசிவரை வைத்திருப்பது புதியவர்களின் பெரிய வியாதி. இதைக் கொப்பியில் கணக்குப் போட்டே பார்த்தேன். உங்களிடம் ஓர் இனத்தில் வீறு மட்டும் இருந்தால், அந்த இனத்தை முதல் தடவை இறக்கும்போது எதிராளிகளில் ஒருவரிடமாவது அந்த இனம் இல்லாமல் இருக்கும் வாய்ப்பு 15 இல் ஒன்று. வீறோடு இன்னொரு தாள் இருந்தால் 8 இல் ஒன்று. மொத்தம் மூன்று தாள் என்றால் 5 இல் ஒன்று. நாலு தாள் என்றால் 3 இல் ஒன்று. ஆகவே குட்டையான இனத்தின் வீறுதான் பத்திரமான வீறு. நீளமான இனத்தில் இருக்கும் வீறுக்குத்தான் ஆபத்து, அதைத்தான் முதலில் இறக்க வேண்டும், அதுவும் துரும்பு மூடியிருக்கும்போது. மூடியிருக்கும்போது இனம் இல்லாத எதிராளி எது துரும்பு என்று ஊகித்துத்தான் கவிழ்க்க முடியும். திறந்த பிறகு ஊகம் தேவையில்லை, ஏழை வைத்தே உங்கள் 30 ஐ வெட்டுவார். நான் நாலு தாள் நீளமான இனத்தின் வீறை "இது பெரிய பலம், பிறகு பார்ப்போம்" என்று வைத்திருந்து ஐந்தாம் பிடியில் பறிகொடுத்த ஆட்டங்கள் கொப்பியில் மட்டும் பதினொன்று.

அடுத்தது எதிரே இருப்பவர் வீறு இறக்கும்போது நீங்கள் என்ன போடுவது என்பது. ஒன்பது மாதமும் நான் பிழையாகச் செய்தது இதைத்தான், மாமாவை எழுப்பி விட்டதும் இதுதான். அவர் ஆட்டின் வீறு இறக்கினார். என்னிடம் ஆட்டின் மணலும் ஏழும் இருந்தன. நான் ஏழைப் போட்டேன். "வீறு போய்விட்டது, இனி மணல்தான் மேல், அடுத்த ஆட்டின் பிடி எனக்கு" என்று கணக்கு. கேட்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் நாலு பேரும் ஒவ்வோர் ஆட்டின் போட்ட பிறகு மிஞ்சியது நாலு தாள், அதில் ஒன்று என் மணல். மற்ற மூன்று தாளும் மூன்று பேரிடம் எப்படிப் பரவியிருந்தாலும், எதிராளிகள் இருவரிடமும் ஒன்றாவது இருக்கும் வாய்ப்பு பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது பாதிக்கு மேற்பட்ட தடவை, இரண்டாம் ஆட்டின் பிடியில் ஒருவராவது வெட்டத் தயாராக இருப்பார். வெட்டினால் என் 20 அவருக்குப் போகும். எங்களுக்கு வரவேண்டிய 20 போய், அவர்களுக்கு 20 ஏறினால், இடைவெளி 40. வீறின் மேலேயே மணலைப் போட்டிருந்தால் அந்த 20 உம் அப்போதே பைக்குள். மாமா அன்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "உன்ர தாளைத்தான் நீ விளையாடுறாய். எதிர்ல நான் ஒருத்தன் இருக்கிறன்."

ஆகவே சோடி வீறு இறக்கினால் மணலைப் போடுங்கள், மணல் இல்லையென்றால் ஏஸ், அதுவும் இல்லையென்றால் பத்து. விதிவிலக்கு இரண்டுதான். ஒன்று, துரும்பு திறந்திருந்து அவர் துரும்பு வீறையே இறக்கினால் மணலை வைத்துக்கொள்ளுங்கள். துரும்பை யாரும் வெட்ட முடியாது, வீறு போனபின் உங்கள் மணல் மாறாத ஒரு பிடி. இரண்டாவது, கடைசி இரண்டு மூன்று பிடிகளில், எதிராளிகள் இருவரிடமும் அந்த இனம் இருக்கிறது என்று எண்ணித் தெரிந்திருந்தால் வைத்துக்கொள்ளலாம். எண்ணாமல் ஊகத்தில் வைத்தால் அது விதிவிலக்கில்லை, பழைய பிழைதான். அதேபோல் அவர் ஏஸ் இறக்கினால் அதன்மேல் பத்தை ஏற்றாதீர்கள், வீறும் மணலும் போய்விட்டன என்று தெரிந்தால் ஒழிய. வலப்பக்கத்தவர் வீறை வைத்துக்கொண்டு உங்கள் பத்துக்காகத்தான் காத்திருப்பார்.

கேள்வி கேட்டவர் உங்கள் சோடி, அவர் ஓர் ஏழோ எட்டோ இறக்குகிறார் என்று வையுங்கள். அதற்கு அநேகமாக ஒரே பொருள்தான். அந்த இனத்தை முடித்துவிட்டு வெட்டப் பார்க்கிறார். நீங்கள் அந்தப் பிடியை எடுத்தால் அடுத்ததாக அதே இனத்தையே திருப்பி இறக்க வேண்டும். நானோ பிடி கிடைத்த சந்தோஷத்தில் என்னிடம் இருந்த வேறு வீறை இறக்குவேன். அந்த வீறு எங்கும் ஓடிவிடாது, இரண்டு பிடி கழித்து இறக்கலாம். அவர் வெட்டும் வாய்ப்போ அடுத்தவர் அந்த இனத்தைத் தொடாமல் விட்டால் திரும்பி வராது.

மூடிய துரும்பில் கவிழ்ப்பது தனிக் கலை. நீங்கள் துரும்பு வைத்தவரின் சோடி என்றால் உங்களுக்கும் துரும்பு எது என்று தெரியாது. ஒருதடவை மாமா வீறால் எடுத்துக்கொண்டிருந்த பிடியில் எனக்கு இனம் இல்லை. புள்ளி ஏற்றலாம் என்று ஒரு பத்தைக் கவிழ்த்தேன். அதுதான் துரும்பு. பிடி எங்களுக்கே வந்தது, ஆனால் இரண்டாம் பிடியிலேயே துரும்பு திறந்து, மூடியிருந்ததால் அவருக்கு இருந்த வசதி முழுவதும் போனது. அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அதன்பின் நான் பின்பற்றுவது இது: ஏற்கனவே அவர் தானாக இறக்கிய இனத்திலிருந்து மட்டும் புள்ளியை ஏற்றுவேன். மூடிய நிலையில் கேட்டவர் தானாக இறக்கும் இனம் அநேகமாகத் துரும்பாக இராது. இதுவரை யாரும் இறக்காத இனத்தில் கை வைக்கமாட்டேன். நீங்கள் எதிராளி என்றால் இதையே தலைகீழாகச் செய்யுங்கள். கேட்டவர் தொடாத இனத்தில்தான் துரும்பு இருக்கும், அதிலிருந்து ஒன்றைக் கவிழ்த்தால் வெட்டாகும் வாய்ப்பு அதிகம். துரும்பு வைப்பவர் நீங்களே என்றால், வீறைக் கவிழ்த்து வைக்காதீர்கள். திறக்கும்வரை அது கையில் இல்லாத தாள், எதிராளி அந்த இனத்தை இறக்கினால் உங்கள் மேல் தாள் மேசையில் படுத்திருக்கும். சிறிய தாளை வைத்துவிட்டு வீறையும் மணலையும் கையில் வைத்திருங்கள். எட்டுத் தாளும் வந்தபின் வீறு, மணலோடு நாலு துரும்பு சேர்ந்திருந்தால் மூடி விளையாடுவதில் அர்த்தமில்லை. திறந்து, இரண்டு தடவை துரும்பை இறக்கி, வெளியில் உள்ள நாலையும் வாங்கிவிடுங்கள். அவை பெரும்பாலும் இரண்டு சுற்றில் வந்துவிடும். ஒருவரிடமே மூன்றோ நாலோ இருந்தால் மட்டும் ஒன்றோ இரண்டோ மிஞ்சும்.

எதிர்த்து விளையாடும்போது இலக்கை முதலிலேயே மனதில் போட்டுவிடுங்கள். 160 க்கு எதிராக 145, 200 க்கு 105, 250 க்கு 55. 250 கேட்டவரை இரண்டு நல்ல பிடியில் விழுத்தலாம் என்பது பலருக்குத் தெரியாது. எதிராளி 250 கேட்டாலே நான் மனம் தளர்ந்து, கையில் உள்ளதைக் கண்டபடி கொட்டிவிடுவேன். கேட்டவருக்கு வலப்பக்கத்தில் இருப்பவர் அவருக்கு அடுத்ததாகப் போடுகிறார், ஆகவே மேல்வெட்டும் வசதி அவருக்குத்தான். அந்த இடத்தில் இருந்து உங்களிடம் துரும்பு வீறோ மணலோ இருந்தால் சின்னப் பிடிகளில் செலவழிக்காதீர்கள். இடப்பக்கத்தில் இருப்பவர் கேட்டவரிடம் இல்லாத இனத்தைத் தொடர்ந்து இறக்கி அவரை வெட்டவைக்க வேண்டும். அவர் வெட்ட, வலப்பக்கத்தவர் மேல்வெட்ட, ஒரே பிடியில் கணக்கு மாறும். அதற்கு வலப்பக்கத்தவரிடமும் அந்த இனம் முடிந்திருக்க வேண்டும், அதை எண்ணி வைத்திருக்க வேண்டும்.

எண்ணுவது என்றதும் 32 தாளையும் நினைவில் வைக்க முயன்று நான் மூன்று வாரம் தலைவலியோடு வீட்டுக்குப் போனேன். தேவையில்லை. நாலு வீறும் நாலு மணலும் சேர்ந்தால் 200 புள்ளி. 304 இல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அந்த எட்டுத் தாளில் இருக்கிறது. முதல் மாதம் எட்டையும் மட்டும் எண்ணுங்கள், எது விழுந்தது, எது இன்னும் வரவில்லை. இரண்டாம் மாதம் துரும்பு எத்தனை போனது என்பதைச் சேருங்கள். அதற்குப் பிறகு, யாரிடம் எந்த இனம் முடிந்தது என்பதை. ஏஸையும் பத்தையும் எண்ணும் பழக்கம் தானாக வரும். அவசரத்தில் இனம் இருந்தும் வேறு தாளைப் போட்டுவிடும் பிழையும் எண்ணத் தொடங்கினால் குறையும். எங்கள் மேசையில் அப்படிப் பிடிபட்டால் அந்த ஆட்டமே தோல்வி. ஆட்டினும் டயமனும் சிவப்பில் கலந்து தெரிவதால்தான் எனக்கு அது நடந்தது. தாளைக் கையில் அடுக்கும்போது கறுப்பு, சிவப்பு, கறுப்பு, சிவப்பு என்று மாற்றி அடுக்குங்கள்.

வேறு வீட்டு மேசைக்குப் போகும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய சிலது இருக்கிறது. கேள்வி இரண்டாம் சுற்று எந்த எண்ணிலிருந்து, முதல் நாலு தாளில் புள்ளி மிகக் குறைவு என்றால் திரும்பக் கலைக்கலாமா, கலைக்கலாம் என்றால் எத்தனைக்குக் கீழே, எட்டுத் தாளும் வந்தபின் மேலே கேட்கலாமா, கல் எத்தனை, துரும்பு மூடியிருக்கையில் கேட்டவர் அந்த இனத்தை இறக்கலாமா. இவை வீட்டுக்கு வீடு மாறும். நான் ஒரு போட்டிக்குப் போய், 2,000 ரூபாய் கட்டி, இதில் இரண்டைக் கேட்காமல் உட்கார்ந்து முதல் சுற்றிலேயே வெளியே வந்தேன். அங்கே ஒரு சோடி கேள்வி கேட்கும் குரலை மாற்றி மாற்றித் தாளைச் சொல்லிக்கொண்டது எனக்கு அரை மணித்தியாலம் கழித்துத்தான் விளங்கியது. "நூற்றி அறுபது" என்றால் ஒன்று, இழுத்துச் சொன்னால் வேறொன்று. மனம் கசந்துபோனது. தாளால் மட்டும் பேசுவதுதான் இந்த ஆட்டத்தின் அழகு. ஒரே குரலில், ஒரே வேகத்தில் கேளுங்கள். தயங்கி யோசிப்பதும் சேதி சொல்லும் என்பதால், கேட்பதா விடுவதா என்பதை உங்கள் முறை வரும் முன்பே முடிவு செய்யுங்கள்.

காசு பற்றி ஒன்று. பழகும் காலத்தில் காசு வைக்காதீர்கள். புளியங்கொட்டை வைத்து விளையாடியிருந்தால் நான் இன்னும் வேகமாகப் பழகியிருப்பேன். 20 ரூபாய்தானே என்று நினைத்தேன். ஆனால் ஒரு இரவில் 15 கல் போகும்போது, போனதைப் பிடிக்கவேண்டும் என்று கேட்கக்கூடாத கையில் 160 கேட்டேன், அது 17 ஆனது. வீட்டில் பொய் சொன்னேன். அதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

எனக்கு உண்மையில் உதவியது தனியாக இருந்து செய்த பயிற்சி. 32 தாளையும் கலைத்து நாலு கையாகப் பிரித்துக் கவிழ்த்து வையுங்கள். ஒரு கையின் முதல் நாலு தாளை மட்டும் பார்த்துக் கேள்வியைத் தீர்மானித்து எழுதுங்கள். பிறகு எல்லாவற்றையும் முகம் தெரிய வைத்து, நாலு கையையும் நீங்களே விளையாடுங்கள், ஒவ்வொரு தாளுக்கும் "எதிரே இருப்பவருக்கு இது என்ன சொல்கிறது" என்று வாய்விட்டுக் கேட்டுக்கொண்டு. முடிந்ததும் இரண்டு பக்கத்துப் புள்ளியையும் கூட்டுங்கள், 304 வராவிட்டால் எண்ணியது பிழை, திரும்ப எண்ணுங்கள். ஓர் ஆட்டத்துக்கு 20 நிமிடம் போகும். நாளுக்கு இரண்டு ஆட்டம் போதும். ஆறு வாரம் இதைச் செய்த பிறகு என் கேள்விகளில் வென்றது நாற்பதுக்கு 28 ஆனது. மாமா இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமை எனக்கு எதிரே இருக்கிறார். சென்ற வாரம் அவர் கலாவரை வீறு இறக்க, நான் மணலைப் போட்டேன். அடுத்த சுற்றுக் கலாவரையை இடப்பக்கத்தவர் வெட்டினார், அதில் அவருக்குக் கிடைத்தது ஒரு ராசாவும் ஒரு ராணியும் எங்கள் எட்டும்.